அலை முதலில், பலகை பிறகு

அத்தியாயம் 4

சர்ஃப் போர்டு வாங்கக் கிளம்பும் நம் பிள்ளைகளில் பலர் ஆறடிப் பலகையோடுதான் வீடு திரும்புகிறார்கள். காணொளிகளில் பார்ப்பது அதைத்தான். மெலிதாக, கூரிய மூக்கோடு, அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்க லகுவாக இருக்கிறது. மைவி காரின் முன் இருக்கையைச் சாய்த்தால் உள்ளேயே அடங்கியும் விடுகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஈப்போவில் கைமாற்றாக வாங்கிய ஆறடிப் பலகையோடு இரண்டு மழைப் பருவங்கள் செராத்திங்குக்குப் போய் வந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளிலும் நின்று ஓட்டிய அலைகளை இரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். மூன்றாம் ஆண்டு ஒன்பதடிப் பலகை ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். முதல் நாள் காலையிலேயே அதைவிட அதிக அலை கிடைத்தது.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடிகாலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு வெட்டுக்காட்டுக்குள் போனதும் முதலில் பட்டையைத் தடவிப் பார்ப்பார். இளமரமா, முதிர்ந்த மரமா, பட்டை எவ்வளவு கனம், போன வெட்டு எங்கே நின்றது என்று விரலால் தெரிந்துகொண்ட பிறகே உளியை வைப்பார். கொஞ்சம் ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம்; குறைந்தால் மங்குக் கிண்ணத்தில் பால் இறங்காது. பலகை தேர்ந்தெடுப்பதும் இப்படித்தான். எந்தக் கடலில், எந்த மாதத்தில், எத்தகைய அலையில் ஏறப் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பலகையின் நீளம் அதிலிருந்து தானாகவே வரும்.

இரண்டு பலகைகளும் செய்யும் வேலை

நீளப் பலகை, அதாவது லாங்போர்டு, ஒன்பதடி அல்லது அதற்கு மேல் இருக்கும். அகலம் 22, 23 அங்குலம். கனம் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மூக்கு வட்டமாக இருக்கும். கொள்ளளவு 60 முதல் 80 லிட்டர். குட்டைப் பலகை, அதாவது ஷார்ட்போர்டு, ஐந்தரை அடியிலிருந்து ஆறரை அடிவரை. அகலம் 19 அங்குலத்தை ஒட்டி, கனம் இரண்டரை அங்குலத்துக்குள், மூக்கு கூர்மையாக. கொள்ளளவு பெரும்பாலும் 25 முதல் 32 லிட்டர். இரண்டுக்கும் நடுவில் ஏழு, எட்டு அடிப் பலகைகள் உண்டு. அவற்றை ஃபன்போர்டு என்பார்கள்.

பலகையின் அடியில் பேனாவால் எழுதியிருக்கும் எண்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்த லிட்டர் கணக்கு. 70 லிட்டர் பலகை முழுதும் அமிழ்ந்தால் 70 கிலோ நீரை ஒதுக்கும். 65 கிலோ எடையுள்ளவர் அதன்மேல் படுத்தால் உடல் பெரும்பாலும் நீருக்கு மேலேயே இருக்கும். அதே ஆள் 28 லிட்டர் பலகையில் படுத்தால் பலகை நீருக்குள் இறங்கும். நெஞ்சும் தொடையும் நனையும். ஒவ்வொரு கைவீச்சிலும் உடம்பே நீரை எதிர்த்து இழுக்கும். கை சீக்கிரம் சோர்வதற்கு இதுதான் காரணம்.

இனி வேகம். ஒரு மீட்டர் உயர அலை உடையும் இடத்தில் மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கையால் துழாவிப் போகும் நாம் அதில் பாதி வேகத்தைக்கூட எட்ட மாட்டோம். மீதியை அலையின் சரிவுதான் கொடுக்க வேண்டும். நீளப் பலகை லேசான சரிவிலேயே வழுக்கத் தொடங்கிவிடும். குட்டைப் பலகைக்கு அலை செங்குத்தாக நிமிர வேண்டும். அந்தக் கணத்தில் சரியான இடத்தில் இருந்து, ஒரே துள்ளலில் எழுந்து நிற்க வேண்டும். எழுந்துவிட்டால், நீளப் பலகையால் ஆகாத கூர்மையான திருப்பங்களை அது செய்யும்.

குட்டைப் பலகை எந்த அலைக்காகப் பிறந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1966ஆம் ஆண்டு சான் டியேகோவில் நடந்த உலகப் போட்டியை ஆஸ்திரேலியாவின் நாட் யங் வென்றபோது, அவர் காலடியில் இருந்தது ஒன்பதடிக்கு மேற்பட்ட பலகை. அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஆஸ்திரேலியாவிலும் ஹவாயிலும் பலகைகள் இரண்டு மூன்று அடி குறைந்தன. 1981இல் சைமன் ஆண்டர்சன் அடியில் மூன்று ஃபின், அதாவது துடுப்பு, பொருத்திய பலகையில் பெல்ஸ் பீச் போட்டியை வென்றார். இன்றைய குட்டைப் பலகை அந்த வழியில் வந்தது. அந்தக் கரைகளில் பெருங்கடலைக் கடந்து வரும் அலை வலுவாகவும் செங்குத்தாகவும் எழும். அந்த அலைக்கு அந்தப் பலகை சரி. நம் அலை வேறு.

அலையைப் படிப்பது: மூன்று கேள்விகள்

ஒன்று, இடைவெளி எத்தனை வினாடி? கரையில் நின்று தூரத்தில் ஒரு படகையோ நுரைப் பொட்டையோ குறிவைத்துக்கொள்ளுங்கள். ஓர் அலை முகடு அதைத் தாண்டும்போது கைக்கடிகாரத்தைப் பாருங்கள். பதினோராவது முகடு தாண்டும்போது மறுபடி பாருங்கள். கிடைத்த வினாடிகளைப் பத்தால் வகுத்தால் இடைவெளி வந்துவிடும். ஐந்திலிருந்து எட்டு வினாடி என்றால் அது அருகில் அடிக்கும் காற்று எழுப்பிய அலை. பன்னிரண்டுக்கு மேல் என்றால் தொலைதூரப் புயலிலிருந்து வந்த அலை. உயரம் ஒன்றாகவே இருந்தாலும் 14 வினாடி அலைக்கு 7 வினாடி அலையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வலு உண்டு. வலு குறைந்த அலைக்கு நீளமும் லிட்டரும் கூடிய பலகை வேண்டும்.

இரண்டு, அலை எப்படி உடைகிறது? அலையின் உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அலை உடையத் தொடங்கும். கடலடித் தரை மெதுவாக மேடேறினால் முகட்டில் நுரை கட்டி, சோறு பொங்கி வழிவதுபோல் வழியும். நீளப் பலகைக்கு உகந்தது இதுதான். தரை திடீரென்று மேடேறினால் அலை சுருண்டு குழாய்போல் விழும். அங்கே நீளப் பலகையின் மூக்கு நீரில் குத்தும். வளைந்த அடிப்பக்கம் கொண்ட குட்டைப் பலகை அந்தச் சரிவில் இறங்கும்.

மூன்று, அடியில் என்ன இருக்கிறது? மணல் என்றால் விழுந்து பழகலாம். பாறையும் பவளமும் என்றால், எழுந்து நிற்பது பிசகாத அளவுக்குத் தேறும்வரை எந்தப் பலகையோடும் அங்கே இறங்க வேண்டாம்.

நமக்கு எட்டும் கடல்கள்

பேராக்காரரான நமக்கு முதலில் வரும் கேள்வி, நம் மேற்குக் கரையின் பங்கோரிலும் தெலுக் பாத்தேக்கிலும் ஏன் அலை இல்லை என்பது. இந்தியப் பெருங்கடலில் தென்மேற்கிலிருந்து வரும் நெடும் அலைகளைச் சுமத்ரா தீவு சுவர்போல் தடுத்துவிடுகிறது. மலாக்கா நீரிணைக்குள் காற்று ஓடி அலை எழுப்பவும் போதிய நீளம் கிடையாது. சில விடிகாலைகளில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்காற்று வந்து கடலைக் கலக்கும். அது சறுக்கக்கூடிய அலை இல்லை. இடியும் மின்னலும் சேர்ந்தே வரும். அப்போது கரையேறிவிடுங்கள்.

அலை வேண்டுமென்றால் தீபகற்பத்தின் மறுகரைக்குப் போக வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென் சீனக் கடலில் வீசுகிறது. பகாங்கின் செராத்திங் அந்த மாதங்களில் மலேசியாவின் சறுக்குக் கிராமமாகிவிடுகிறது. திரங்கானுவின் கெமாமான் கரையிலும் தியோமானின் ஜுவாராவிலும் அப்போது அலை உண்டு. தீபாவளி முடிந்து மழை பிடிக்கும்போது பருவம் தொடங்கும். டிசம்பரில் கடும் மழையும் வெள்ளமும் வழியை மறிக்கும். தைப்பூசம், சீனப் புத்தாண்டு விடுமுறைகளை ஒட்டிய வாரங்கள் நமக்கு வாய்ப்பானவை. ஈப்போவிலிருந்து கோலாலம்பூர், கரக், குவாந்தான் வழியாகப் போனால் ஒரு பகல் பயணம்.

இந்தக் கடல் ஆழமில்லாதது. அலையை எழுப்பும் காற்றும் பக்கத்திலேயே வீசுகிறது. ஆகவே இடைவெளி குறைவு, வலுவும் குறைவு. செராத்திங்கில் நான் எண்ணிய நாட்களில் பெரும்பாலும் ஆறு, ஏழு வினாடிகளே வந்தன. இடுப்பளவு, நெஞ்சளவு உயரத்தில் மெதுவாக நுரைத்து வழியும் இந்த அலையில் எட்டு, ஒன்பதடிப் பலகை நீங்கள் நாலு தடவை கை போடுவதற்குள் பிடித்துக்கொள்ளும். ஆறடிப் பலகை அலையின் முதுகில் நழுவிப் பின்னே தங்கிவிடும்.

நீளப் பலகைக்கு இங்கே ஒரு சிரமம் உண்டு. இடைவெளி குறைவு என்பதால் அலைகள் ஓயாமல் வரும். உள்ளே போவதற்கு மூச்சு விட நேரம் இருக்காது. குட்டைப் பலகைக்காரர் பலகையை அமுக்கி அலைக்கு அடியில் முங்கிப் போய்விடுவார். 70 லிட்டர் பலகையை அப்படி அமுக்க முடியாது. நுரை நெருங்கும்போது விளிம்பை இறுக்கப் பிடித்துக்கொண்டு பலகையோடு தலைகீழாகப் புரளுங்கள். நுரை மேலே கடந்ததும் மறுபடி புரண்டு எழுங்கள். பத்துத் தடவை பழகினால் வந்துவிடும். அலை தலைக்கு மேல் உயர்ந்து, கரைநோக்கிய காற்றில் கலங்கிக் கிடக்கும் நாளில் இந்தப் புரளல் போதாது. அன்று கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் செய்வதைப் பார்ப்பதும் பயிற்சிதான்.

உறவினரைப் பார்க்கத் தமிழ்நாடு போகிறவர்கள் சென்னைக்குத் தெற்கே கோவளத்தையும் மகாபலிபுரத்தையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பாட்டன்மார் மலாயாவுக்கு ராஜூலா கப்பல் ஏறிய நாகப்பட்டினத்துக் கரையில் அடிப்பதும் இதே வங்கக் கடல்தான். கட்டுமரத்தில் நின்றபடி உடையும் அலையைத் தாண்டிய மீனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே சறுக்குகிறார்கள். கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் முன்னின்று 2012இல் தொடங்கிய கோவ்லாங் பாயிண்ட் பள்ளி இந்தத் தலைமுறையை வளர்த்த இடங்களில் ஒன்று. 2025 ஆகஸ்டில் மகாபலிபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்த மீனவர் வீட்டுப் பிள்ளைகள் குட்டைப் பலகையில் பறப்பதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அவர்கள் நடை பழகியதே அந்தக் கரையில். அங்கும் உங்கள் முதல் பாடத்துக்கு எட்டடி ஃபோம் போர்டையே கேளுங்கள்.

இலங்கையில் இரண்டு பருவம், இரண்டு கரை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கே வெலிகம விரிகுடா: மணல் தரை, மெல்லிய அலை, நீளப் பலகையில் தொடங்குபவர்களுக்கு நல்ல பள்ளிக்கூடம். ஏப்ரல், மே முதல் அக்டோபர் வரை கிழக்கே பொத்துவிலை ஒட்டிய அறுகம்பை: இந்தியப் பெருங்கடலின் நெடும் அலை முனையைச் சுற்றி வலப்பக்கமாக ஓடும். நீளப் பலகையில் தேறியவர் குட்டைப் பலகைக்கு மாறிப் பார்க்க நம் அருகில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஊர்மக்களிடம் தமிழிலேயே கடல் நிலவரம் கேட்டுக்கொள்ளலாம்.

சரவாக்கின் ஸ்ரீ அமானில் பத்தாங் லுப்பார் ஆற்றுக்குள் கடல்நீர் அலையாக ஏறிவரும். பெனாக் என்று பெயர். உடையும் ஒரே அலை நீண்ட தூரம் ஓடுவதால் அங்கே வருகிறவர்களுக்கு நீளப் பலகை உதவும். ஆனால் அந்த ஆற்றில் முதலைகள் உண்டு. உள்ளூர் ஏற்பாடும் காவல் படகும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

உங்கள் எடைக்கு எத்தனை லிட்டர்?

தொடங்குகிறவருக்கு உடல் எடைக்குச் சமமான லிட்டர், அல்லது சற்றுக் கூடுதல். 65 கிலோ என்றால் 65 முதல் 75 லிட்டர். பத்தில் ஏழு அலையைப் பிடித்து, பக்கவாட்டில் ஓட்டத் தெரிந்தவருக்கு எடையில் முக்கால் பங்கு. 65 கிலோவுக்கு 49 லிட்டர் அளவில் ஓர் ஏழரை அடிப் பலகை. குட்டைப் பலகையில் ஆண்டுக்கணக்கில் பழகியவருக்கு எடையில் பாதிக்கும் கீழே போதும். நாம் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் மட்டுமே கடலில் இறங்கும் மலைப்பக்கத்து ஆட்கள். தினமும் கடலில் கிடப்பவரின் கணக்கு நமக்குப் பொருந்தாது. கடையில் சொல்லும் அளவுக்கு மேல் ஐந்து லிட்டர் கூட்டியே வாங்குங்கள்.

முதல் பலகை எட்டடி ஃபோம் போர்டாக இருக்கட்டும். மேலே மென்மையாக இருப்பதால் தலையில் பட்டாலும் கண்ணாடியிழைப் பலகை அளவுக்குக் கிழிக்காது. வாடகைக்கும் கிடைக்கும். ஒரு பருவம் முழுக்க வாடகைப் பலகைகளில் பழகிவிட்டு அப்புறம் சொந்தமாக வாங்குவது பணத்துக்கும் நல்லது.

அலையில்லாத கடலில் பழகுவது

நீரிணை நமக்கு அலை தராவிட்டாலும் கை வலுவைத் தரும். ஈப்போவிலிருந்து லூமுட் ஒன்றரை மணி நேரத்துக்குள். விடிந்ததும் அதையடுத்த தெலுக் பாத்தேக்கில் இறங்கினால் நீர் கண்ணாடிபோல் கிடக்கும். பலகைமேல் குப்புறப் படுத்து மூக்கைப் பாருங்கள். மூக்கு நீரில் அமிழ்ந்தால் நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள். உள்ளங்கை அகலத்துக்கு மேல் தூக்கி நின்றால் பின்னால் இருக்கிறீர்கள். வால் நீரை இழுக்கும். மூக்கு நாலு விரல் உயரத்தில் நிற்கும்வரை நகர்ந்து, அங்கே உங்கள் மோவாய் எங்கே வருகிறதோ அந்த இடத்தில் மெழுகால் ஒரு கோடு போடுங்கள். மூன்று மாதம் கழித்து செராத்திங்கின் நுரைக்கு நடுவே, யோசிக்க நேரமில்லாத வினாடியில், அந்தக் கோடு உங்களைச் சரியான இடத்தில் படுக்க வைக்கும்.

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நிற்காமல் கை போட்டுப் பழகுங்கள். வீட்டுத் தரையில் பாய் விரித்து, குப்புறப் படுத்த நிலையிலிருந்து ஒரே மூச்சில் எழுந்து நிற்பதை நாளுக்கு இருபது தடவை செய்யுங்கள். பழைய ஈயச்சுரங்கக் குட்டைகளில் மட்டும் பழகாதீர்கள். கரையிலிருந்து இரண்டடி வைத்தால் ஆழம் தெரியாத பள்ளம், கரையும் சரியும். கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குட்டைகள் பறித்த உயிர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பதடிப் பலகை காருக்குள் அடங்காது. கூரையில் மெத்தைப் பட்டை வைத்து, அடிப்பக்கம் மேலே, ஃபின் முன்னால் வருமாறு கிடத்தி, இரண்டு பட்டைகளால் கட்டுங்கள். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் அதிர்ந்து ஊளையிடாது. தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தி ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் எந்தப் பலகையையும் விடக் கூடாது. வெப்பத்தில் மேல்தோல் உப்பிப் பிரிந்துவிடும்.

கால்கயிறும் கடல் மரியாதையும்

பலகையைக் காலோடு கட்டும் லீஷ் பலகையின் நீளமே இருக்க வேண்டும். ஒன்பதடிப் பலகைக்கு ஒன்பதடிக் கயிறு. குட்டையாக இருந்தால் பலகை உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் முதல் லீஷ்களை ரப்பர் பாலில் செய்த மருத்துவக் குழாயால் செய்தார்கள். ரப்பர் நீண்டு சுண்டியதில் பலகை திரும்பி வந்து அடித்து, வெட்சூட் என்னும் நீர்ச்சட்டைக்குப் பெயர்பெற்ற ஜாக் ஓ'நீல் இடக்கண்ணை இழந்தார். உண்டிவில் இழுத்து வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சுண்டலின் வேகம் புரியும். இன்றைய கயிறுகள் அவ்வளவு நீளாத யூரித்தேனில் வருகின்றன. வெடிப்பு விட்ட கயிற்றை அன்றே மாற்றிவிடுங்கள்.

நீளப் பலகை ஆறேழு கிலோ இருக்கும். அலை வரும்போது அதைக் கைவிட்டு முங்கினால் பின்னால் இருப்பவர் தலையில் இறங்கும். பின்னால் யாராவது இருக்கும்போது பலகையை விடவே கூடாது. அலை உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம். நீளப் பலகையால் எல்லாரையும்விட முன்னதாக அலையைப் பிடிக்க முடியும். அதனாலேயே ஓர் அலை ஓட்டினால் அடுத்ததை உள்ளூர்ப் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். அது அவர்கள் ஊர், அவர்கள் கடல்.

மழைப் பருவத்தில் சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். இழுவோட்டம் கடலுக்குள் இழுத்தால் எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டாம். பலகையை விடாமல் படுத்தபடி, கரைக்கு இணையாகக் கை போட்டு ஓட்டத்தை விட்டு விலகி, பிறகு கரை திரும்புங்கள்.

எப்போது குட்டைப் பலகை?

நெஞ்சளவு அலையில் பத்தில் ஏழைப் பிடிக்கிறீர்களா? நேராகக் கரைக்கு வராமல் அலையின் முகத்தில் இடமும் வலமும் ஓட்ட முடிகிறதா? எழுந்து நிற்கையில் கண் காலடிக்குப் போகாமல் முன்னே பார்க்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஒன்பதிலிருந்து ஏழரைக்கு இறங்குங்கள். ஒரு பருவம் கழித்து ஏழுக்கு, அப்புறம் ஆறரைக்கு. ஒரேயடியாக மூன்றடி குறைத்தால் முதல் நாள் நிலைமைக்கே போய்விடுவீர்கள்.

குறைத்த பிறகும் நீளப் பலகையை விற்றுவிடாதீர்கள். அம்மாவிடம் இரண்டு உளி இருந்தன. எது வேலைக்கு என்று காலையில் மரத்தடிக்குப் போனபிறகே முடிவு செய்வார். என் வீட்டு வராந்தாவிலும் இப்போது ஒன்பதடியும் ஆறரையும் அருகருகே சாய்ந்திருக்கின்றன. செராத்திங் போய்ச் சேர்ந்ததும் இரண்டையும் கார்க் கூரையிலேயே விட்டுவிட்டு, கடிகாரத்தோடு கரைக்கு நடந்து, பத்து அலைகளை எண்ணுகிறேன். ஏழு வினாடி வந்தால் ஒன்பதடியை அவிழ்க்கிறேன். போன பருவத்தில் ஆறரையை அவிழ்த்தது இரண்டே நாள்.